பழைய நம்பர், புது நம்பர்!

எங்கப்பா ஜோக் சொன்னால் கடைசி வரிக்கு முன்னால் ஒரு பிரேக் போடுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியில் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு சபையை ஒரு சுற்றுப் பார்ப்பார். அதற்குள் பாதிப் பேர் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். அப்புறம்தான் கடைசி வரி. சைக்கிளும் காக்கிப் பையுமாக 35 வருஷம் சென்னையில் வீடு வீடாக லெட்டர் கொடுத்தவர். எந்தக் கதவு எத்தனை நேரத்தில் திறக்கும் என்று தெரிந்த மனுஷனுக்கு ஜோக்கில் டைமிங் யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

அண்ணன் பெண் கல்யாணத்தில் மெல்லிசைக் குழுவிடமிருந்து மைக்கைப் பிடுங்கி அவர் ஒரு ஜோக் சொன்னார். நான் கேட்கவில்லை. மொய் நோட்டில் உட்கார்ந்திருந்தேன். (பி.காம். படித்தவனுக்குக் குடும்பத்தில் அதுதான் நிரந்தர உத்தியோகம்.) அம்மாவும் கேட்கவில்லை. பந்தியில் பாயசம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் எல்லாரும் "சூப்பர் ஜோக்டா!" என்கிறார்கள். என்ன ஜோக் என்றால் மட்டும் சொல்லத் தெரியவில்லை.

போன வருஷம் அப்பா போய்விட்டார்.

முதல் வருஷத் திவசத்துக்கு நாலு நாள் முன்பு, துபாயில் இருக்கும் சித்தப்பா பையன் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்பினான். அந்த ஜோக்கை முழுசாக செல்போனில் எடுத்து வைத்திருக்கிறான், பாவி! "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்கல்ல... சாப்பாடு ஆனதும் போட்டுக் காட்டேண்டா. அவர் குரலைக் கேட்டு ஒரு வருஷமாச்சு" என்றாள் அம்மா.

சின்ன ஆசைதானே என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டு டி.வி. 'இந்த ஃபார்மட் எனக்குத் தெரியாது' என்று கையை விரித்துவிட்டது. இருக்கவே இருக்கிறது, எட்டு நாள் முன்பு வாங்கிய புது லேப்டாப். விண்டோஸுக்குத் தனியாகக் காசு கொடுப்பானேன் என்று கணக்குப் போட்டு, கடைப் பையனை விட்டு லினக்ஸ் போடச் சொல்லி வாங்கியது. பென் டிரைவைச் செருகினேன்.

அப்பா வந்தார். வாயைத் திறந்தார். நாலு விநாடி கழித்து வார்த்தை வந்தது. அதற்குள் வாயை மூடிவிட்டார். படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். லேப்டாப்புக்குள்ளிருந்து வெட் கிரைண்டர் மாதிரி ஃபேன் சத்தம். தட்டுத் தடுமாறி ஜோக்கின் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்...

அப்படியே உறைந்து போனார். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் கண்ணாடியைத் துடைத்தபடி நின்றுவிட்டார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"கிராஃபிக்ஸ் சிப் அவுட் சார். மதர்போர்டையே மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்."

"வாங்கி எட்டு நாள்தானேப்பா ஆகுது? வாரன்ட்டி?"

"நீங்க லினக்ஸ் போட்டுட்டீங்களே சார். வாரன்ட்டி வராது."

"போட்டதே நீங்கதானே!"

"அது சர்வீஸ் சார்."

வாடிய முகத்தோடு மாடிப்படி ஏறும்போதுதான் மாடி வீட்டுப் பெண் எதிரே வந்தாள். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். "என்ன அங்கிள், லேப்டாப் ரிப்பேரா? ஒரு நிமிஷம் குடுங்க" என்றாள். எனக்கு வயது 36. ஆனாலும் 'அங்கிள்' என்றதை மன்னித்தேன். பதினாலாயிரம் ரூபாய்க்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

படியிலேயே உட்கார்ந்து கறுப்புத் திரையில் என்னமோ தட்டினாள். கடகடவென்று ஒரு பட்டியல் ஓடியது.

"இதோ பாருங்க, 8086-னு இருக்கா? அது இன்டெல் கம்பெனி. பக்கத்துல உங்க சிப்போட மாடல் நம்பர். கீழே டிரைவர்னு போட்டு ஐ915-னு வந்திருக்கு. கர்னல் உங்க சிப்பை அடையாளம் கண்டுபிடிச்சு, வேலைக்கும் எடுத்துக்கிட்டாச்சு. சிப் நல்லாத்தான் இருக்கு அங்கிள்."

"அப்புறம் ஏம்மா படம் ஓடலை?"

"கர்னலுக்குத் தெரியும். மேசாவுக்குத் தெரியாது."

"மேசா யாரும்மா? கர்னல் வீட்டம்மாவா?"

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினாள். அதில் எனக்குப் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். டெபிட், கிரெடிட் படித்தவனுக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

• • •

கர்னல் என்றால் மீசை வைத்த மிலிட்டரி ஆசாமி இல்லை. கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்குமே பருப்பு, அதற்கு இங்கிலீஷில் அந்தப் பெயர். கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் உள்பருப்பாக உட்கார்ந்து, சிப்புகளை மேய்ப்பது அதுதான். நாம் பார்க்கிற, தட்டுகிற மற்ற சாஃப்ட்வேர் எல்லாம் வெளியே இருப்பவை. அவற்றில் ஒன்று மேசா. படம் வரைவது அதன் பிழைப்பு.

லேப்டாப்புக்குள் ஒரு காலனியே குடியிருக்கிறது. படத்துக்கு ஒரு சிப், வை-ஃபைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. இவர்களுக்கெல்லாம் தெரு போட்டுக் கொடுத்தது இன்டெல். 1992-ல். தெருவுக்குப் பெயர் பி.ஸி.ஐ. இந்தத் தெருவில் குடிவர ஒரே கண்டிஷன்: நெற்றியில் இரண்டு நம்பர் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று செய்த கம்பெனியின் நம்பர், இன்னொன்று மாடல் நம்பர். ஒவ்வொன்றும் 16 பிட். அதாவது 65,536 நம்பர்களில் ஒன்று.

கம்பெனி நம்பரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது. அதைக் கொடுப்பதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. இன்டெல் வாங்கிய நம்பர் 8086. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1978-ல் அவர்கள் வெளியிட்டுப் பேரும் புகழும் வாங்கிய பிராசஸரின் பெயர்! ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபேன்ஸி நம்பர் வாங்குகிற ஆசை நம்மவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கர்னல் தபால்காரர் மாதிரி தெருவில் இறங்குகிறது. ஒரு தெருவில் 32 வீடு. ஒரு வீட்டில் 8 போர்ஷன் வரை. ஒவ்வொரு கதவாகத் தட்டி "யாரு?" என்கிறது. ஆள் இருந்தால் நம்பர் வரும். இல்லாவிட்டால் நாலு 'எஃப்' வரும். பூட்டிய வீடு என்று அர்த்தம். அதனாலேயே நாலு 'எஃப்' என்ற நம்பரை எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை.

சரி, நம்பர் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கேதான் லிஸ்ட் தேவைப்படுகிறது. இந்த நம்பர் என்றால் இன்ன சிப், இன்ன டிரைவர், இப்படி இப்படி வேலை வாங்க வேண்டும் என்கிற லிஸ்ட்.

கர்னலுக்கு ஒரு லிஸ்ட் வேண்டும். மேசாவுக்கும் வேண்டும், மாடலுக்கு மாடல் சிப்பிடம் பேசுகிற தோரணை வேறு. இன்ன கம்பெனி, இன்ன சிப் என்று பட்டியல் போட்டுக் காட்டுகிற சாஃப்ட்வேருக்கும் வேண்டும். ஆக, ஒரே விஷயத்துக்கு மூன்று நாலு லிஸ்ட். எல்லாமே தனித்தனியாக எழுதினது, தனித்தனியாகப் புதுப்பிப்பது.

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 'பழைய எண் 14, புதிய எண் 27' என்று வாசலில் போர்டு தொங்குகிற வீட்டுக்கு நீங்கள் முதல் தடவை போயிருப்பீர்களே... பத்திரிகையில் ஒரு நம்பர், கதவில் ஒரு நம்பர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு நம்பர். வீடு என்னமோ அதே இடத்தில்தான் இருக்கிறது. லிஸ்ட்தான் ஆளுக்கு ஒன்று.

என் லேப்டாப்பில் நடந்தது இதுதான். வை-ஃபை வரவில்லை என்று கடைப் பையன் கர்னலை மட்டும் லேட்டஸ்ட்டாக மாற்றியிருக்கிறான். மேசா பழசு. புது மாடல் சிப்பின் நம்பர் கர்னலின் லிஸ்ட்டில் இருக்கிறது, மேசாவின் லிஸ்ட்டில் இல்லை. 'இப்படி ஒரு ஆளே எனக்குத் தெரியாது' என்று மேசா சிப்பை ஒதுக்கிவிட்டது. ஆனாலும் படம் வரைந்தாக வேண்டுமே? மெயின் பிராசஸர் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டது. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு வாசலில் பெரிய கோலமாகப் போடச் சொன்ன மாதிரி. பாவம், அது மூச்சு வாங்கிய சத்தம்தான் எனக்கு வெட் கிரைண்டராகக் கேட்டிருக்கிறது.

லிஸ்ட்டில் ஒரு வரி இல்லை. அதற்குப் பெயர் 'போர்டு அவுட்'. விலை பதினாலாயிரம்!

• • •

"ஏம்மா, எல்லாருக்குமாகப் பொதுவா ஒரே லிஸ்ட் வெச்சுட்டா தீர்ந்ததே?" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"எதை அங்கிள் பொதுவா வெக்கறது? பேரையா, நம்பரையா, வேலையையா?"

கேள்வியில் விஷயம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பேர். செக் நாட்டுக்காரர் மார்ட்டின் மரேஷ் என்பவர் லினக்ஸில் சிப்புகளைப் பட்டியல் போட்டுக் காட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் எழுதினார். அதற்காக எந்த நம்பர் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஒரு பெயர்ப் பதிவேடும் ஆரம்பமானது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் விட்டுப்போன பேரை எழுதி அனுப்பலாம். தொண்டர்கள் சரிபார்த்துச் சேர்க்கிறார்கள். யாரும் எடுத்து உபயோகிக்கலாம் என்று தாராளமான லைசென்ஸ்.

இந்தப் பதிவேட்டின் காப்பி ஒன்றை ஒரு காலத்தில் கர்னலும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. 2005-ல் தூக்கிவிட்டார்கள். இரண்டு காரணம். கர்னல் எப்போதும் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கிற ஆசாமி. அதற்குத் தொப்பை போடக் கூடாது. இரண்டாவது, வெளியே பதிவேடு மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற காப்பியை அதற்குச் சமமாக யார் தினமும் மாற்றிக்கொண்டிருப்பது? பேங்க் பாஸ்புக்கையும் நம் கணக்கு நோட்டையும் டாலி பண்ணி அழுதவர்களுக்கு இந்த வலி தெரியும்.

யோசித்துப் பார்த்தால் கர்னலுக்குப் பேர் எதற்கு? ஏ.டி.ஐ. என்று ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனி இருந்தது. நம்பர் 1002. அதை 2006-ல் ஏ.எம்.டி. கம்பெனி வாங்கிவிட்டது. போர்டு மாறியது, லெட்டர்ஹெட் மாறியது. ஏ.எம்.டி.க்குச் சொந்தமாக 1022 என்று நம்பரும் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய ரேடியான் கார்டுகள் இன்றைக்கும் நெற்றியில் 1002 என்றே எழுதிக்கொண்டு பிறக்கின்றன. பேர் மனுஷனுக்கு. மாறும். நம்பர் மெஷினுக்கு. மாறாது. மாறுகிறதை வெளியே வை, மாறாததை உள்ளே வை. நம் பெரியவர்கள் செருப்பையும் சாமி விளக்கையும் வைத்த மாதிரி.

இரண்டாவது நம்பர். கர்னலுக்குள் நம்பர்களை எழுதி வைக்கிற ஒரு பொதுக் கோப்பு இருக்கிறது. அதன் தலையிலேயே ஒரு எச்சரிக்கை: ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர்கள் உபயோகிக்கிற நம்பராக இருந்தால் மட்டும் இங்கே எழுது. இல்லாவிட்டால் உன் டிரைவரிலேயே வைத்துக்கொள். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய சட்டம்! பெரிய அண்டா பொது அடுப்படியில் இருக்கலாம். மூன்றாவது மருமகள் மட்டும் உபயோகிக்கிற இட்லித் தட்டை அங்கே வைத்தால் சண்டைதான் மிச்சம்.

இதைவிட அழகு ஒன்று உண்டு. 2012-ல் கர்னல்காரர்கள் தங்கள் வீட்டை உள்கட்டு, திண்ணை என்று பிரித்தார்கள். வெளி சாஃப்ட்வேர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்கிற கோப்புகள் திண்ணைக்கு வந்தன. ஒரு சிப்பிடம் எந்த பைட்டில் என்ன விவரம் இருக்கிறது என்கிற வரைபடம் திண்ணையில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நம்பர் கோப்பு? அது உள்கட்டிலேயே! ஏன்? திண்ணையில் வைத்துவிட்டால் அது ஊருக்குக் கொடுத்த வாக்கு மாதிரி. அப்புறம் நினைத்தபோது கலைக்கவோ மாற்றவோ முடியாது.

மூன்றாவது வேலை. இன்ன நம்பருக்கு இன்ன டிரைவர் என்கிற ஏற்பாடு. ஒரு காலத்தில் லினக்ஸ் பொட்டலம் கட்டி விநியோகிக்கிறவர்கள் இதற்குத் தாங்களே ஒரு அட்டவணை எழுதி வைத்தார்கள். ரெட்ஹாட்டில் குட்ஸு என்று ஒரு சாஃப்ட்வேர் அப்படி ஒரு அட்டவணையைப் பார்த்துத்தான் வேலை செய்தது. (குட்ஸு என்றால் காடு மாதிரி படர்கிற ஒரு கொடியாம். எப்படிப் பேர் வைக்கிறார்கள்!) டிரைவருக்குள் ஒரு லிஸ்ட், அட்டவணையில் ஒரு லிஸ்ட். டிரைவர் எழுதினவர் புது நம்பர் சேர்ப்பார். அட்டவணைக்காரருக்குத் தகவல் போகாது. பழைய நம்பர், புது நம்பர் கதைதான்.

அப்புறம் ஒரு புத்திசாலித்தனமான வழி வந்தது. டிரைவரை எழுதுகிறவர், தனக்குத் தெரிந்த நம்பர்களை டிரைவரிலேயே ஒரே இடத்தில் எழுதிவிட வேண்டியது. டிரைவரைத் தயார் செய்யும்போது அந்த லிஸ்ட்டை மெஷினே உருவி எடுத்து, ஒரு பொது அகராதியாகக் கோத்துவிடும். மனுஷக் கையே படாது. கர்னல் தெருவில் ஒரு சிப்பைப் பார்த்ததும் 'இன்ன கம்பெனி, இன்ன மாடல் வந்திருக்கு' என்று வெளியே ஒரு குரல் கொடுக்கும். வெளியே இருக்கிற சாஃப்ட்வேர் அந்தச் சீட்டை அப்படியே அகராதியில் தேடி, டிரைவரைக் கூட்டி வரும். அதனிடம் சொந்த லிஸ்ட் கிடையாது. சொந்த லிஸ்ட் இல்லாததால் தப்பும் கிடையாது!

அவசரத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. லிஸ்ட்டில் இல்லாத சிப் வந்தால் நாமே நம்பரை ஒரு துண்டுச் சீட்டு மாதிரி டிரைவரிடம் கொடுத்து, 'இவரும் நம்ம ஆள்தான், பார்த்துக்கோ' என்று சிபாரிசு பண்ணலாம். சிபாரிசு இல்லாத இடமே இல்லை போலிருக்கிறது.

"இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது மேசா ஏம்மா தனி லிஸ்ட் வெச்சிருக்கு?"

"கிராஃபிக்ஸ்ல மட்டும் கொஞ்சம் கஷ்டம் அங்கிள். டிரைவரே ரெண்டு பாதி. ஒரு பாதி கர்னல்ல, ஒரு பாதி வெளியில. ரெண்டு பாதிக்கும் அதே நம்பர் வேணும்."

இதற்கும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2013-ல் இன்டெல்காரர்கள் தங்கள் கிராஃபிக்ஸ் நம்பர்களை மட்டும் கர்னலுக்குள் ஒரு தனிக் கோப்பாகப் பிரித்து எழுதினார்கள். வெளியே இருப்பவர்களும் பின்னால் இதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று. கர்னலின் மற்ற பகுதிகளைவிடத் தளர்வான லைசென்ஸும் போட்டார்கள். இல்லாவிட்டால் சட்டச் சிக்கல் வந்துவிடுமே. நல்ல காரியம்தான். ஒரே இடத்தில் எழுதி, மற்றவர்கள் அப்படியே காப்பி எடுக்கலாம். கை தவறி எட்டை மூன்றாக எழுதுகிற தப்பு போச்சு.

ஆனால் காப்பி காப்பிதான். எடுத்த தேதியோடு நின்றுவிடும். என் லேப்டாப்பில் கர்னலின் லிஸ்ட்டுக்கு ஒரு தேதி, மேசாவின் லிஸ்ட்டுக்கு வேறு தேதி. நடுவில் பிறந்தது என் சிப். ஜனத்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த மறுநாள் பிறந்த குழந்தை மாதிரி, அது நாட்டில் இருக்கிறது, கணக்கில் இல்லை.

• • •

'ஒரு நம்பர், அது லிஸ்ட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன' என்று லேசாக நினைக்காதீர்கள். 2014 அக்டோபரில் நடந்த கதை இது. பென் டிரைவ் செருகுகிற யு.எஸ்.பி. இருக்கிறதே, அதிலும் இதே இரட்டை நம்பர் முறைதான். ஸ்காட்லாந்தில் எஃப்.டி.டி.ஐ. என்று ஒரு கம்பெனி. யு.எஸ்.பி.யையும் பழைய சீரியல் கருவிகளையும் இணைக்கிற சிப்புக்குப் பேர் போனவர்கள். நம்பர் 0403. அவர்களுடைய பிரபல சிப் ஒன்றின் மாடல் நம்பர் 6001.

பேர் வாங்கினால் டூப்ளிகேட் வராமல் இருக்குமா? வந்தது. போலி சிப்புகள் நெற்றியில் அதே 0403, அதே 6001 என்று எழுதிக்கொண்டு, அந்தக் கம்பெனி எழுதிய டிரைவரிலேயே ஓசிச் சவாரி செய்தன. கம்பெனிக்குக் கோபம். நியாயம்தான். ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா? விண்டோஸ் அப்டேட் வழியாகப் புது டிரைவர் ஒன்று வந்தது. அது போலியைக் கண்டுபிடித்ததும், அதன் நெற்றியில் இருந்த மாடல் நம்பரை அழித்து 0000 என்று எழுதிவிட்டது!

சிப் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது. ஆனால் 0403, 0000 என்று எந்த லிஸ்ட்டிலும் யாரும் இல்லை. வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் 'யார் நீ?' என்றுதான் கேட்கும். இப்படிச் செத்த கருவியைக் கம்ப்யூட்டர்காரர்கள் 'செங்கல்' என்பார்கள். போலி செய்தவன் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டான். கடையில் நல்ல காசு கொடுத்து, உள்ளே போலி இருப்பது தெரியாமல் வாங்கியவன் கையில் செங்கல். பெரிய கூச்சல் எழுந்து, அந்த டிரைவர் வாபஸ் ஆனது.

லினக்ஸ் பக்கம் என்ன செய்தார்கள்? ஒருத்தர் கர்னலில் அந்த டிரைவரின் லிஸ்ட்டில் ஒரு நம்பரைக் கூடுதலாகச் சேர்த்தார்: 0000. அதற்கு அவர்கள் வைத்த பேரிலேயே 'செங்கல்' என்ற வார்த்தை இருக்கிறது! அவ்வளவுதான். செங்கற்கள் எழுந்து நடந்தன. நம்பரை எடுத்தால் உயிர் போகிறது. லிஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தால் உயிர் வருகிறது. இதைப் படித்த பிறகு ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவர்களின் கவலை எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

• • •

மாடி வீட்டுப் பெண் மேசாவைப் புதுப்பித்தாள். இருபது நிமிஷம். ஃபேன் சத்தம் அடங்கியது. பதினாலாயிரம் மிச்சம். அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன்.

சாப்பாடு ஆனது. கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. அப்பா மைக்கோடு வந்தார்.

"எங்க பீட்டுல ஒரு தெரு. கார்ப்பரேஷன்காரன் வந்து எல்லா வீட்டுக்கும் புது நம்பர் போட்டுட்டுப் போயிட்டான். கதவுல புது நம்பர். ரேஷன் கார்டுல பழைய நம்பர். ஈ.பி. கார்டுல அதுக்கும் முந்தின நம்பர். ராமசாமி, 14-ம் நம்பர்னு தபால் வருது. பழைய 14-லயும் ஒரு ராமசாமி, புது 14-லயும் ஒரு ராமசாமி! என் கையில இருந்த லிஸ்ட்டை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியலை. கடைசியில எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி மாட்டினார். சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நேரா கதவைத் தட்டி 'நீங்க எந்த ராமசாமி?'ன்னு கேட்டுட்டேன். அவ்வளவுதான், சிம்பிள்! என்ன... கடன்காரன் லெட்டர்னா ரெண்டு ராமசாமியும் 'நான் இல்லை, அவரு'ம்பாங்க. மணியார்டர்னா ரெண்டு பேரும் 'நான்தான்'ம்பாங்க!"

கூடம் அதிர்ந்தது. மாடி வீட்டுப் பெண் பாயசக் கிண்ணத்தோடு என் காதருகே குனிந்தாள்.

"அங்கிள், தாத்தா கர்னல் டெவலப்பரா?"

அம்மா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் ரொம்ப நேரம் துடைத்தாள்.

"இன்னொரு தடவை போடுடா" என்றாள்.

கொசுறு: உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை, 'போர்டு அவுட்' என்று கடையில் சொல்கிறார்களா? விண்டோஸாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்ட பேரைத் திறந்து, 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைப் பாருங்கள். கம்பெனி நம்பரும் மாடல் நம்பரும் தெரிந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார், கதவைத் திறந்து பதில் சொல்கிறார் என்று அர்த்தம். பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் அந்த நம்பருக்குப் புது டிரைவர் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.